எட்டில் மூன்று அங்குல இடைவெளி: தேனீக்களுக்கு வீடு அமைத்த லாங்ஸ்ட்ரோத்

சட்டன், கார்ஷால்டன், வலிங்டன் முதலான தென் இலண்டன் பகுதிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லாவெண்டர் வயல்களுக்குப் பெயர் பெற்றவை. அவ்வயல்களின் பெரும்பகுதி இன்று வீடுகளாகிவிட்டது. எனினும் லிண்டன் மரங்களும், முட்செடிகளில் பூக்கும் காட்டுப்பழப் பூக்களும், வீட்டுத் தோட்டங்களும் தேனீக்களுக்கு இன்னமும் உணவளிக்கின்றன. எம்மவரிடையேயும் பின்வளவில் தாமே ஒரு மரப்பெட்டி செய்து தேனீ வளர்க்க விரும்புவோர் உளர். அப்பெட்டியின் பின்னே துயரமும் உறுதியும் கலந்த ஒரு மனிதரின் வாழ்வு இருக்கிறது. அவரே லொரென்சோ லொரெய்ன் லாங்ஸ்ட்ரோத்.

1810 டிசம்பர் 25ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அவர் பிறந்தார். சிறுவயதில் எறும்புகளைக் காண்பதற்காகத் தெருவில் முழந்தாளிட்டு முழந்தாளிட்டுக் காற்சட்டையைத் தேய்த்துக்கொண்டமைக்காக வீட்டில் தண்டனையும் பெற்றார். 1831இல் யேல் கல்லூரியில் பட்டம் பெற்றபின் கிறிஸ்தவப் போதகராக மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் அண்டோவர் நகரில் பணியேற்றார். 1836இல் அன்னே ரக்கர் என்னும் ஆசிரியையை மணந்தார்.

ஆனால் இளமையிலேயே அவரை ஒரு நோய் பற்றிக்கொண்டது. உடலில் காயமில்லை; காய்ச்சலுமில்லை. உள்ளம் மட்டும் இருண்டுவிடும். வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மறையுரை ஆற்றவோ மனிதரைச் சந்திக்கவோ இயலாதவராகிவிடுவார். இன்று நாம் மனச்சோர்வு நோய் என்று கூறுவதற்கு அன்று தக்க மருந்து இருக்கவில்லை. அதனால் அவர் தம் பதவியை விட்டு விலக நேர்ந்தது. பின்னர் ஏற்ற பணிகளும் நிலைக்கவில்லை. போரையும் இடப்பெயர்வையும் கடந்து வந்த எம் சமூகத்திலும் இந்நோய் பல வீடுகளில் இருக்கிறது. பெரும்பாலும் பேசப்படாமலே இருக்கிறது. ஆதலின் அவர் வாழ்வின் இப்பகுதியை நாம் மறைத்துக் கூறுதல் தகாது.

1838ஆம் ஆண்டுக் கோடையில் நண்பர் ஒருவரின் வீட்டு மேசையில், கண்ணாடிக் கலமொன்றில் தேன்வதை இருப்பதை அவர் கண்டார். நண்பர் அவரை மேன்மாடத்திலிருந்த தேனீக்களிடம் அழைத்துச் சென்றார். அன்றே இரண்டு கூட்டங்களை விலைக்கு வாங்கிக்கொண்டு அவர் வீடு திரும்பினார். திறந்த வெளியில் தேனீக்களோடு செய்யும் வேலை மனத்துக்கு ஆறுதல் அளித்தது. எனினும் நோய் கடுமையாகும் காலங்களில் தேனீக்களின் ரீங்காரமே அவருக்குத் தாங்க முடியாததாகிவிடும். நோய் தணிந்ததும் மீண்டும் பெட்டிகளிடம் செல்வார். இவ்வாறே அவரது வாழ்நாள் முழுதும் கழிந்தது.

அக்காலத்தில் தேன் எடுப்பது பெரும்பாலும் அழிவு வேலையாகவே இருந்தது. இங்கிலாந்தில் வைக்கோற் கூடைகளில் தேனீ வளர்த்தோர், கந்தகப் புகையூட்டித் தேனீக்களைக் கொன்றுவிட்டு வதையை எடுப்பது வழக்கம். வன்னிக் காடுகளில் மரப்பொந்தைக் கோடரியால் பிளந்து தேன் எடுப்பதை எம்மில் மூத்தோர் அறிவர். வீட்டைச் சிதைத்தே தேனைப் பெற முடிந்தது. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த, பார்வையிழந்த அறிஞர் பிரான்சுவா ஊபர் புத்தகத்தின் தாள்களைப் போல விரியும் பெட்டியொன்றை முன்னரே அமைத்திருந்தார். அதனை லாங்ஸ்ட்ரோத் கற்றறிந்தார். ஆயினும் தேனீக்கள் வதைகளைப் பெட்டியின் சுவரோடு ஒட்டிவிட, ஒவ்வொரு முறையும் கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது.

1851 ஒக்ரோபர் 30ஆம் நாள் அதற்கு விடை கிடைத்தது. மூடிக்கும் அதன் கீழுள்ள சட்டங்களுக்கும் இடையே ஏறத்தாழ எட்டில் மூன்று அங்குல இடைவெளி விட்டால் தேனீக்கள் அதனை அடைப்பதில்லை என்பதை அவர் முன்னரே கண்டிருந்தார். அதே இடைவெளியைச் சட்டத்தின் பக்கங்களுக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையிலும் விட்டால் என்ன என்ற எண்ணம் அன்று தோன்றியது. இடைவெளி மிகக் குறைந்தால் தேனீக்கள் பிசினால் ஒட்டிவிடும். மிகக் கூடினால் மெழுகால் வதை கட்டிவிடும். ஆறு முதல் ஒன்பது மில்லிமீற்றர் வரையான இடைவெளியை மட்டும் தமது நடைபாதையாக விட்டுவைக்கும். எனவே சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கலாம், வேறு பெட்டிக்கு மாற்றலாம், எதுவும் உடையாது.

இங்கு பெட்டி செய்ய முனைவோர் மனத்திற் கொள்ள வேண்டியதும் இதுவே. பிரித்தானியாவில் பரவலாகப் பயன்படும் 'நஷனல்' பெட்டியின் வெளியளவு 460 மில்லிமீற்றர் சதுரம். அடிப்பெட்டியின் உயரம் 225 மில்லிமீற்றர். அதில் 11 சட்டங்கள் தொங்கும். சட்டத்தின் அளவு 14 அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். அடுத்தடுத்த சட்டங்களின் நடுக்கோடுகள் 35 முதல் 38 மில்லிமீற்றர் இடைவெளியில் அமைதல் வேண்டும். மரத்துக்குச் சீடர் சிறந்தது. பூச்சிகொல்லி ஊட்டிய பலகையைத் தவிர்க்க வேண்டும். பலகைகளைப் பொருத்தியதும், பசை காயுமுன் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பார்க்க வேண்டும். அவை சமமாயின் பெட்டி கோணலில்லை. கோணிய பெட்டியில் சட்டத்தின் ஒரு பக்கம் ஒட்டும், மறு பக்கத்தில் வதை வளரும். அடித்தளத்துக்குக் கம்பிவலை பொருத்துவர். 1992இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட வரோவா உண்ணிகளுள் உதிர்பவை அதனூடாகக் கீழே விழும். கூரைமேல் உலோகத் தகடு மழையைத் தடுக்கும்.

வாயில் தென்கிழக்கை நோக்கியிருத்தல் நன்று. அதன் முன்னே உயர்ந்த வேலி இருப்பின் தேனீக்கள் மேலெழுந்து பறக்கும். அயலவருக்குத் தொல்லை குறையும். வாடகை வீட்டில் இருப்போர் வீட்டு உரிமையாளரிடமும், அலொட்மென்ட் எனப்படும் நகரசபைத் தோட்டத் துண்டில் வைப்போர் நகரசபையிடமும் முன்கூட்டியே அனுமதி பெறுதல் வேண்டும். குளிர்காலத்துக்கென ஏறத்தாழ 18 கிலோ தேனைக் கூட்டத்துக்கே விட்டுவைத்தல் முறை.

லாங்ஸ்ட்ரோத் தம் பெட்டிக்கு 1852 ஒக்ரோபர் 5இல் காப்புரிமை பெற்றார். அது அவருக்குச் செல்வத்தைத் தரவில்லை. பெட்டி எளிதாயிருந்தமையால் எவரும் செய்ய முடிந்தது. பலர் அவருக்கு எதுவும் கொடாமலே செய்து விற்றனர். அவர் தொடுத்த வழக்குகள் பணத்தையும் உடல்நலத்தையும் விழுங்கின. 1853இல் அவர் வெளியிட்ட நூலே அவருக்குப் பெயரைத் தந்தது. அதன் கையெழுத்துப் படியை அழகுறப் படியெடுத்துக் கொடுத்தவர் மனைவி அன்னே. 1858இல் குடும்பம் ஒகையோ மாநிலத்தின் ஒக்ஸ்போட் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1870இல் மகன் ஜேம்சையும் 1873இல் மனைவியையும் அவர் இழந்தார். நோயும் விட்டபாடில்லை. நூலைத் திருத்திப் புதுப்பிக்கும் வலுவும் இல்லாமற் போயிற்று. அப்பணியைப் பிரான்சிலிருந்து 1863இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய சார்ள்ஸ் டடான்ட் என்பவரின் குடும்பம் ஏற்று, 1889இல் திருத்திய பதிப்பை வெளியிட்டது. வந்த நாட்டின் மொழியைக் கற்றுத் தேனீ வளர்ப்பில் நிலைபெற்ற குடும்பம் அது.

எமது தாயக மண்ணுக்கு அண்மையிலும் இத்தத்துவம் வந்து சேர்ந்தது. திருச்சிராப்பள்ளியில் 1911 முதல் 1917 வரை பலருக்குத் தேனீ வளர்ப்பைப் பயிற்றுவித்த நியூட்டன் பாதிரியார், உருவிற் சிறிய இந்தியத் தேனீக்கு ஏற்றவாறு சிறிய பெட்டியை அமைத்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயருடன் அது தென்னிந்தியாவில் நிலைத்தது. அளவு மாறியது; நடைபாதைக்கு இடம் விடும் விதி மாறவில்லை.

1895 ஒக்ரோபர் 6ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, டேற்றன் நகரின் தேவாலயமொன்றில் மறையுரை ஆற்றத் தொடங்கிய வேளையில் லாங்ஸ்ட்ரோத் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 84. நலமுடன் இருந்த மாதங்கள் சிலவாயினும் அவற்றுள் அவர் செய்து முடித்தது உலகுக்குப் போதுமானதாயிற்று. தேனீப் பெட்டி செய்ய விரும்பும் எம் வாசகர்கள் குளிர்காலத்திலேயே மரவேலையைத் தொடங்குதல் நன்று. வசந்தத்தில் தேனீக் கூட்டம் வந்து சேருமுன், ஒவ்வொரு சட்டத்தின் இரு பக்கங்களிலும் அளவுகோலை வைத்து அந்தச் சிறு இடைவெளியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.