கத்தரி யார் கையில்?

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் 1898 ஏப்ரல் 9-ல் பிறந்தவர் பால் ராப்சன். அவருடைய தந்தை அடிமைப் பண்ணையிலிருந்து தப்பி வந்து போதகரானவர். உதவித்தொகை பெற்று ரட்கர்ஸ் கல்லூரிக்குப் போனபோது அங்கே கறுப்பின மாணவர் ராப்சன் ஒருவர்தான். கால்பந்து அணியில் சேரப்போனவரின் மூக்கைச் சக மாணவர்களே உடைத்தார்கள். ஆனாலும் அவர் ஆட்டத்தை விடவில்லை. பிறகு சட்டம் படித்து வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்தார். கறுப்பர் சொல்லி நான் எழுதுவதா என்று வெள்ளைக்காரச் சுருக்கெழுத்தர் மறுக்க, அந்த வேலையையே விட்டு வெளியேறினார். பட்டம் வாங்கிய பிறகும் துரத்தும் இந்த அவமானத்தை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நாடகமும் பாட்டும் அவரை உலகறியச் செய்தன. லண்டனில் ஆப்பிரிக்க மொழிகளை விரும்பிக் கற்றார். அப்போதுதான் எட்கர் வாலஸின் சாகசக் கதைகளைப் படமாக்கிய கோர்டா சகோதரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஆப்பிரிக்காவுக்கே போய் நடனங்களைப் படம்பிடித்து வந்திருந்தார்கள். நம் முன்னோரின் பண்பாட்டை உலகம் பார்க்கும் என்று நம்பி ராப்சன் நடித்தார். 1935-ல் ‘சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்’ வெளியானது. வெட்டி ஒட்டிய பிறகு அது வெள்ளைக்கார அதிகாரியின் புகழ்பாடும் படமாகியிருந்தது. ராப்சன் ஏற்ற போசாம்போ, அந்த அதிகாரிக்கு அடங்கி நடக்கும் தலைவன். கூட்டத்தில் ஒருவராக நின்ற ஜோமோ கென்யாட்டா, பின்னாளில் சுதந்திர கென்யாவின் முதல் ஜனாதிபதியானார். அவருக்கும் அந்தப் படம் தந்தது துணை நடிகர் வேடம்தான்.

படத்தை ராப்சன் வெளிப்படையாகவே நிராகரித்தார். அடுத்த ஆண்டு ‘சாங் ஆஃப் ஃப்ரீடம்’ படத்துக்கு, இறுதி வடிவம் தன் ஒப்புதலோடுதான் வெளிவர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார். அவர் வாழ்க்கையில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். வேடம் கிடைத்தால் போதாது, கத்தரி யார் கையில் என்பதையும் அவர் கேட்டுவிட்டார்.

1937-ல் ரைடர் ஹாகார்டின் ‘சாலமன் மன்னனின் சுரங்கங்கள்’ நாவல் படமானது. வேலைக்காரனாக வந்து அரசனென்று தெரியவரும் உம்போபாவாக ராப்சன் கம்பீரமாக நின்றார், பாடினார். ஆனால் கதை வெள்ளையரின் புதையல் வேட்டைதான். அவர்கள் துணையில்லாமல் உம்போபாவுக்கு அரியணை இல்லை. நாவலில் இல்லாத ஒரு வெள்ளைக்கார நாயகியையும் படத்தில் புதிதாகச் சேர்த்தார்கள்.

1942-ல் ‘டேல்ஸ் ஆஃப் மன்ஹாட்டன்’ படமும் கறுப்பின விவசாயிகளை அப்பாவிகளாகக் காட்டியதும் ஹாலிவுட்டுக்கே முழுக்குப் போட்டார். மறு ஆண்டு பிராட்வே மேடையில் ஒத்தெல்லோவாக நின்றார். 296 காட்சிகள் நடந்தன.

இனவெறிக்கும் காலனி ஆட்சிக்கும் எதிராகப் பேசியதற்காக அமெரிக்க அரசு 1950-ல் அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தது. எட்டு ஆண்டுகள் வெளிநாட்டு மேடைகள் அவருக்கு மூடிக்கிடந்தன. 1958-ல் அவருடைய அறுபதாவது பிறந்தநாளை இந்தியாவில் கொண்டாடியபோது நேரு வாழ்த்தினார். அதே ஆண்டு பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. 1976 ஜனவரி 23-ல் ஃபிலடெல்ஃபியாவில் காலமானார்.