ஆலையைப் பெருக்கிய சிறுவன்

பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்த வீடு அது. கனடா நாட்டிலே, கியூபெக் மாகாணத்திலே, செயின்ட் ரெமி என்ற ஊர். 1888-ஆம் ஆண்டு, புத்தாண்டு நாளன்று அங்கே பிறந்தவர் ஜான் காரண்ட். தாய் மறைந்தாள். தகப்பன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எல்லை தாண்டி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் வந்து சேர்ந்தார். துணி ஆலையின் வாசலிலே நின்றது அந்தக் குடும்பம். பள்ளிக்கூடம் போகவேண்டிய பருவத்திலே, பையன் கையிலே துடைப்பம்!

ஆலையின் தரையைப் பெருக்கினான். வீட்டிலே பேசியது பிரெஞ்சு. ஆலையிலே கேட்டது ஆங்கிலம். பெருக்கிக்கொண்டே மொழியைக் கற்றான்; பெருக்கிக்கொண்டே இயந்திரத்தையும் கற்றான். எந்தச் சக்கரம் எதைச் சுழற்றுகிறது, எந்தப் பல் எதிலே பதிகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண், துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு லேத் பக்கம் போனது. வாலிபனானதும் இயந்திரத் தொழிலாளி. பிறகு ராட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரிலே, பெயர் பெற்ற கருவித் தொழிற்சாலை ஒன்றிலே வேலை. பொழுதுபோக்கு, குறி பார்த்துச் சுடுவது. பல்கலைக் கழகம் தந்த பட்டம் ஏதும் இல்லை, தோழரே! பட்டறை தந்த பயிற்சிதான்.

1917-இலே அமெரிக்கா முதல் உலகப் போரிலே இறங்கிற்று. இயந்திரத் துப்பாக்கி ஒன்றுக்குத் திட்டம் தீட்டி அனுப்பினார் காரண்ட். அதிகாரிகள் அதை எடுத்துக்கொண்டார்கள்; ஆனால் மாதிரி உருவாவதற்குள் போரே முடிந்துவிட்டது. துப்பாக்கி தோற்றது, மனிதரை மட்டும் விடவில்லை. 1919-இலே மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்த அரசாங்க ஆயுதச் சாலையிலே வேலைக்கு அமர்த்தினார்கள்.

அங்கே அவருக்குத் தந்த வேலை என்ன? அந்நாளிலே சிப்பாயின் கையிலிருந்த துப்பாக்கி, ஒருமுறை சுட்டதும் நின்றுவிடும். பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி, மீண்டும் முன்னுக்குத் தள்ளினால்தான் அடுத்த வெடி. எதிரி மீது வைத்த கண்ணை எடுத்துவிட்டுச் செய்யவேண்டிய வேலை அது! விசையை அழுத்தினால் ஒரு குண்டு போகவேண்டும். அடுத்த தோட்டா தானாகவே வந்து உட்காரவேண்டும். சிப்பாய் தோளிலே தூக்கி நடக்கக்கூடிய எடையும் வேண்டும். இதுதான் கேட்ட சரக்கு.

சொல்வது சுலபம். அமெரிக்கத் தோட்டாவின் அளவு அங்குலத்திலே .30, அதாவது 7.62 மில்லிமீட்டர். அது முரட்டுத் தோட்டா. அதன் உதையையும் சூட்டையும் தாங்க உறுப்புகளைத் தடிப்பாகச் செய்தால் துப்பாக்கி கனக்கும். மெலிதாகச் செய்தால் உடையும். அப்போது பெடர்சன் என்ற வல்லுநர் ஒரு வழி சொன்னார்: தோட்டாவையே சிறிதாக்கிவிடுங்கள்! .276 அளவிலே, ஏறத்தாழ 7 மில்லிமீட்டரிலே, புதுத் தோட்டா செய்தார்; அதற்கேற்ற துப்பாக்கியும் செய்தார். அவர் கூலிக்காரரல்லர். அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு வந்தவர்; சம்பளமும் உண்டு, துப்பாக்கி ஏற்கப்பட்டால் உரிமைத் தொகையும் உண்டு. காரண்டோ, மாதச் சம்பள ஊழியர்.

சின்னத் தோட்டா ஆளைச் சாய்க்குமா என்ற ஐயம் எழுந்தது. 1928-இலே பன்றிகளைச் சுட்டுச் சோதித்தார்கள். போரிலே வழக்கமாகச் சுடும் தூரத்திலே சிறியது பெரியதற்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. பாவம், பன்றிகள்! மனிதர் தம்மைக் கொல்ல எது சிக்கனம் என்று அறிய, அவை உயிரைத் தந்தன.

காரண்டும் தம் துப்பாக்கியைச் சிறிய அளவுக்கு மாற்றினார். குழலின் வாயைக் குறுக்கினால் போதாது. தோட்டா உட்காரும் அறை, அதைப் பூட்டும் போல்ட், வெடிப்பின் வாயுவை வாங்கிப் பின்னுக்குத் தள்ளும் தண்டு, வில், எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடவேண்டும். கணக்கிட்டார், கடைந்தார், சுட்டுப் பார்த்தார். பெடர்சன் துப்பாக்கிக்குத் தோட்டாவின் மீது மெழுகு பூசவேண்டியிருந்தது. காரண்டின் துப்பாக்கிக்கு அது தேவைப்படவில்லை. பத்துத் தோட்டா கொண்ட அந்தச் சிறிய துப்பாக்கியை ஏற்கலாம் என்று 1932 தொடக்கத்திலே குழுவினர் பரிந்துரைத்தார்கள். பட்டறைத் தொழிலாளி வென்றார்!

வென்றாரா? தலைமைத் தளபதி டக்ளஸ் மக்கார்தர் முடியாது என்றார். கிடங்குகளிலே .30 தோட்டாக்கள் குவிந்து கிடக்கின்றன. இயந்திரத் துப்பாக்கிகளும் அதே அளவு. நாடோ பொருளாதார மந்தத்திலே தத்தளிக்கிறது. புதுத் தோட்டாவுக்குப் பணம் ஏது? பழைய அளவிலேயே செய்க என்பது ஆணை. தளபதியைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஒரே படைக்கு இருவகைத் தோட்டா என்றால், முன்னணியிலே நிற்பவனுக்குத் தவறான பெட்டி போய்ச் சேரும் நாளும் வரும். ஆனால் ஆண்டுக்கணக்கான உழைப்பு ஒரே தாளிலே அழிவதைப் பார்த்தவர் நிலையையும் எண்ணிப்பாருங்கள்!

அழுதுகொண்டு உட்காரவில்லை அவர். .30 அளவிலும் ஒரு துப்பாக்கியைக் கைவசம் வைத்திருந்தார். சோதனையிலே அதன் போல்ட் விரிசல் கண்டதால் ஒதுக்கியிருந்தார். அதைச் சரிசெய்து மீண்டும் எடுத்தார். தோட்டா பெரிதானதால் பத்து எட்டாயிற்று. 1936 ஜனவரியிலே எம்-1 என்ற பெயரோடு அது இராணுவத்தின் துப்பாக்கி ஆயிற்று. முதலிலே குழல் முனையிலே வாயுவைப் பிடிக்கும் அமைப்பு தொல்லை தந்தது. குழலின் கீழ்ப்பக்கம் சிறு துளையிட்டு அதையும் மாற்றினார்கள். துப்பாக்கியோடு நிற்கவில்லை, அதை ஆயிரமாயிரமாக வடிக்கும் கருவிகளை அமைப்பதிலும் அவர் கை இருந்தது.

இரண்டாவது உலகப் போர் முடிவதற்குள் நாற்பது லட்சம் துப்பாக்கிகள்! ஜெர்மன் சிப்பாய்களில் பெரும்பாலோர் பிடியை இழுத்து இழுத்துச் சுட்டபோது, அமெரிக்கச் சிப்பாய் விசையை அழுத்தி அழுத்தி எட்டு முறை சுட்டான். அதைவிடச் சிறந்த போர்க்கருவி இல்லை என்று தளபதி பேட்டனே எழுதிப் பாராட்டினார்.

இத்தனைக்கும் காரண்டுக்குக் கிடைத்தது என்ன? கண்டுபிடிப்பின் உரிமையை 1936-லேயே அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். துப்பாக்கிக்கு ஒரு சல்லி என்றுகூட உரிமைத் தொகை வாங்கவில்லை. ஒரு லட்சம் டாலர் வழங்கலாம் என்று நாடாளுமன்றத்திலே மசோதா வந்தது, நிறைவேறவில்லை. 1944-இலே பதக்கம் கொடுத்தார்கள். போர்ச் சரக்கு விற்றவர்கள் கொழித்த நாட்டிலே, போர்க்கருவி செய்தவருக்குப் பதக்கம்! அவர் முணுமுணுத்ததாகத் தெரியவில்லை. அவருக்காக நாம் முணுமுணுக்கலாம்.

பனிச் சறுக்கலிலே அவருக்குப் பித்து. மணமாகாத நாளிலே வீட்டுக் கூடத்திலேயே தண்ணீரைத் தேக்கி உறையவிட்டுச் சறுக்கினார் என்று கதை சொல்வார்கள்.

1953-இலே ஓய்வு பெற்றார். ஸ்பிரிங்ஃபீல்டிலேயே தங்கி, தாம் செய்ததன் வழித்தோன்றல்களைப் பார்த்தார். 1957-இலே வந்த எம்-14 அவருடைய அமைப்பின் பிள்ளை. இத்தாலியின் பெரெட்டாவும் அதைத் தழுவி ஒன்று செய்தது. 1960-களிலே வியட்நாம் போரின்போது இராணுவம் 5.56 மில்லிமீட்டருக்கே இறங்கிவிட்டது. அன்று .276 சிறிது என்று தள்ளினார்களே, அதைவிடச் சிறியது! 1970-களிலே ரூகர் நிறுவனம் அதே காரண்ட் வழி அமைப்பைச் சுருக்கி, அந்தச் சின்னத் தோட்டாவுக்குப் பொருத்தி, மினி-14 என்று விற்றது. அவர் உழைத்த ஆயுதச் சாலையை 1968-இலே மூடிவிட்டார்கள். 1974 பிப்ரவரி 16 அன்று, 86 வயதிலே, அதே ஊரிலே கண்மூடினார் காரண்ட்.

2022-இலே அமெரிக்கத் தரைப்படை, 5.56 போதாது என்று, அடுத்த துப்பாக்கிக்கு 6.8 மில்லிமீட்டர் தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது. கடையிலே அந்தத் தோட்டாவுக்கு வழங்கும் பெயரிலுள்ள எண், .277.