இயந்திரத்துக்கு மூச்சளித்த சான்போர்ட் மொஸ்



நாம் வாழும் இவ்வளைகுடாப் பகுதியிலே, சான் பிரான்சிஸ்கோ நகரில், 1872 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23 ஆம் நாள் சான்போர்ட் மொஸ் பிறந்தார். பதினாறாவது வயதில், வளியை அமுக்கும் பொறிகள் செய்யும் பட்டறையொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கு கைபழகிய பின்னரே பேர்க்லியில் உள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1896 இல் பட்டதாரியானார். 1903 இல் கோர்ணெல் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

எரியும் வாயுவைக் கொண்டு சுழலியைச் சுழற்றி வேலை வாங்குவதே அவரது ஆய்வுப் பொருளாகும். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திற் சேர்ந்து அம்முயற்சியைத் தொடர்ந்தார். ஆனால் அப்பொறி அளவுக்கு மீறி எரிபொருளை விழுங்கியது. 1907 இல் அவ்வாய்வு கைவிடப்பட்டது. மொஸ் மனந்தளராது, வளியை அமுக்கும் பொறிகளை ஆக்குவதில் ஈடுபட்டார்.

பத்தாண்டுகள் கழிந்தன. முதலாம் உலகப் போரில் விமானங்கள் உயரப் பறக்க முற்பட்டபோது ஓர் இடர்ப்பாடு தோன்றியது. அதனைச் சற்று விளக்குவோம்.

அமெரிக்காவின் லிபேர்ட்டி விமான இயந்திரத்துக்குப் பன்னிரண்டு உருளைகள். மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 27 லீற்றர். ஒவ்வோர் உருளையும் இரு சுற்றுக்கு ஒரு தடவையே வளியை உள்ளிழுக்கும். ஆகவே நிமிடத்துக்கு 1,700 சுற்றுச் சுழன்றால், அது உட்கொள்ளக்கூடிய வளி ஏறத்தாழ 23,000 லீற்றர். கடல் மட்டத்தில் அதன் நிறை 28 கிலோ. பதினாலாயிரம் அடி உயரத்திலோ 18 கிலோ மட்டுமே. அங்கு வளி அவ்வளவு மெலிந்தது. ஒரு கிலோ பெற்றோல் முற்றாக எரிய ஏறத்தாழ 15 கிலோ வளி வேண்டும். வளி குறைந்தால் எரியும் பெற்றோலும் குறையும், குதிரைவலுவும் குறையும்.

பெரிய இயந்திரத்தைப் பொருத்தலாமே என நீங்கள் வினவலாம். பொருத்தலாம், ஆனால் அதன் பாரத்தையும் விமானமே சுமக்க வேண்டும். மற்றைய வழி, அதே இயந்திரத்துள் வளியை அமுக்கிச் செலுத்துவது. பிரான்சு நாட்டு அறிஞர் ராற்றோ இவ்வழியில் முன்னரே முயன்றிருந்தார். வீணே வெளியேறும் சுடுவாயுவால் ஒரு சுழலியைச் சுழற்றி, அச்சுழலியால் வளியமுக்கியை இயக்குவதே அம்முறை.

அமெரிக்க வானூர்தியியல் ஆலோசனைக் குழுவின் தலைவராயிருந்த பேராசிரியர் வில்லியம் டுராண்ட், கோர்ணெலில் மொஸ் செய்த ஆய்வை அறிந்தவர். அவரது தூண்டுதலால் இப்பணி மொஸ்சிடம் வந்தது. சுழலியும் அவர் கற்றது. வளியமுக்கியும் அவர் கற்றது. கைவிடப்பட்ட கல்வி மீண்டும் கைகொடுத்தது.

1918 செப்டெம்பரில் கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் மலையுச்சிக்கு, 14,000 அடிக்கும் மேலே, லிபேர்ட்டி இயந்திரத்தை லொறியில் ஏற்றிச் சென்றார். கடல் மட்டத்தில் 350 குதிரைவலு தந்த இயந்திரம், உச்சியில் 230 மட்டுமே தந்தது. மொஸ்சின் கருவியை இணைத்ததும் 356 ஆக உயர்ந்தது! இயந்திரத்தின் பருமன் சிறிதும் மாறவில்லை. அது பெற்ற மூச்சே மாறியது. 1920 இல் இக்கருவி பூட்டிய விமானம் 33,000 அடிக்கு மேல் எழுந்தது.

1938 இல் ஓய்வு பெற்ற மொஸ், மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டார். இரண்டாம் உலகப் போரில் பி-17 முதலிய விமானங்கள் இக்கருவியுடனேயே உயரப் பறந்தன. 1940 ஆம் ஆண்டுக்கான கொலியர் விருதில் அவரும் பங்குபெற்றார். 1946 இல் காலமானார். இன்று நம் வீதிகளில் ஓடும் கார்கள் பலவற்றிலும் அதே முறை இயங்குகின்றது.

மாணவர்களே, மலையுச்சியில் வலுக்குன்றிய இயந்திரம் பழுதானதன்று. அதற்குக் காற்றுப் போதவில்லை. அந்நிய மண்ணில் தாய்மொழி கற்கையில் நீங்கள் இடறினால், ஆற்றலற்றவர் என எண்ணாதீர்கள். வீட்டிலே அம்மொழி போதிய அளவு ஒலிக்கின்றதா எனப் பெற்றோர் எண்ணிப் பார்க்கட்டும். புலம்பெயர்ந்து, கற்ற தொழிலைக் கைவிட்டு வாழும் பெற்றோர்களே, கற்றது வீணாகிவிட்டதென நீங்களும் முடிவுகட்ட வேண்டாம். மொஸ்சின் கல்வி பதினோராண்டு காத்திருந்தே மலையேறியது.