தொழிலறிஞர் ஜி. டி. நாயுடு

கோவைக்குக் கிழக்கே சூலூர், பல்லடம், அவிநாசி, திருப்பூர் எனப் பரந்து கிடக்கும் கொங்கு நிலம் மழைவளம் குறைந்தது. ஆழ்ந்த கிணறுகளில் கவலை பூட்டி, எருதுகளைக் கொண்டு நீர் இறைத்தே உழவர்கள் பயிர் வளர்த்தனர். கரிசல் மண்ணில் பருத்தி நன்கு விளைந்தது. பருத்தி விளைந்த இடத்தில் அரைவை ஆலைகளும், அவற்றின் பின்னே நூற்பு ஆலைகளும் எழுந்தன. 1920களில் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் அரும்பியது.

இப்பகுதியில் வாழும் மாணவர் பலரை உயர்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பிலேயே ஒரு கேள்வி எதிர்கொள்கிறது. மேலே படிப்பதா, தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்வதா, பனியன் தொழிற்கூடத்துக்கு வேலைக்குச் செல்வதா என்பதே அக்கேள்வி. எத்தொழிலைத் தம் தொழிலாகக் கொள்வது என்பதை இளமையிலேயே தெரிந்துகொண்டு, அதற்காக நெடுந்தொலைவு சுற்றி வந்தவர் ஒருவர் இதே மண்ணில் வாழ்ந்தார். அவரே ஜி. டி. நாயுடு எனப் பெயர்பெற்ற கோபால்சாமி துரைசாமி நாயுடு ஆவார்.

சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள், உழவர் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளி அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியரின் பிரம்புக்கும் அடங்காத பிள்ளையாக இருந்த அவர், தொடக்கப் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. ஆயினும் எழுத்தை அவர் கைவிடவில்லை என்பதை மாணவர்கள் மறத்தலாகாது. கிடைத்த நூல்களையெல்லாம் தாமே படித்தார். தெரியாதவற்றைத் தெரிந்தவரிடம் கேட்டறிந்தார். பள்ளியை விட்டதனால் அவர் உயர்ந்தார் என்று சிலர் சொல்வதுண்டு. அது பிழை. பள்ளியை விட்டதனால் அவர் பட்ட பாடுகள் பல. அவற்றுள் சிலவற்றை இனிக் காண்போம்.

ஒரு நாள் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏறி அச்சிற்றூர்ப் பக்கம் வந்தார். மாட்டு வண்டியையும் குதிரை வண்டியையும் அன்றி வேறு ஊர்தியை அறியாத இளைஞர் துரைசாமி, எருதும் குதிரையும் இன்றித் தானே ஓடும் அவ்வண்டியைக் கண்டு வியந்து நின்றார். ஊரார் பலரும் வியந்திருப்பர். வியந்தபின் தத்தம் வேலைக்குத் திரும்பியிருப்பர். துரைசாமிக்கோ அதன் உள்ளே இருப்பது என்ன என்று அறியும் வேட்கை தணியவில்லை. அதை அறியவேண்டுமானால் வண்டி கைக்கு வரவேண்டும். வண்டி வாங்கப் பணம் வேண்டும்.

அவர் கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் வேலைக்கு அமர்ந்தார். இலை எடுப்பதும், மேசை துடைப்பதும், உணவு பரிமாறுவதும் அவர் வேலைகள். நிலபுலம் உடைய வீட்டுப் பிள்ளைக்கு இது தகுமா என்று எவரேனும் கேட்டிருக்கலாம். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. மூன்றாண்டுகள் உழைத்துச் சில நூறு ரூபாய் சேர்த்தார். அப்பணத்தைக் கொண்டு அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கினார். வாங்கியவர் ஏறி ஊர் சுற்றினாரா? இல்லை. திருகாணி ஒன்றையும் விடாமல் வண்டியைக் கழற்றிப் பிரித்தார். ஒவ்வோர் உறுப்பும் செய்யும் வேலையைக் கண்டறிந்தார். மீண்டும் பொருத்தி ஓட்டினார். அவருக்குப் பொறியியல் கற்பித்த முதல் ஆசிரியர் அவ்வண்டியே எனலாம்.

பின்னர் அவர் திருப்பூருக்கு வந்தார். அக்காலத்தில் திருப்பூர், சுற்றுப்புறப் பருத்தியெல்லாம் வந்து குவியும் சந்தை ஊர். சென்னைக்கும் மேற்குக் கரைக்கும் செல்லும் இருப்புப்பாதை அதன் வழியே சென்றது. பருத்தியிலிருந்து கொட்டையை நீக்கிப் பஞ்சாக்கும் தொழிலில் அவர் ஈடுபட்டார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலமாதலின் பஞ்சுக்கு நல்ல விலை கிடைத்தது. செல்வம் பெருகியது. ஆனால், ஈட்டிய பொருள் முழுவதையும் எடுத்துக்கொண்டு பம்பாய் சென்று, அங்குப் பெருவணிகரோடு பஞ்சு வாணிகத்தில் இறங்கினார். அந்த வாணிகத்தின் நுட்பம் அவர் அறியாதது. கைப்பொருளை எல்லாம் இழந்து, வெறுங்கையராய்க் கோவைக்குத் திரும்பினார்.

இந்த இழப்பு அவர் வாழ்வில் ஒரு திருப்பம். பஞ்சின் விலை ஏறுவதும் இறங்குவதும் பிறர் கையில் இருந்தன. எந்திரத்தைப் பற்றிய அறிவு அவர் கையிலேயே இருந்தது. அதையே நம்பி மீண்டும் தொடங்கினார். கோவையில் தொழில் நடத்திவந்த ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் இவருடைய திறமையை உணர்ந்து, ஒரு பேருந்து பெற உதவினார். 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அப்பேருந்து ஓடத் தொடங்கியது. ஓட்டுநரும் நாயுடுவே, பழுது நேர்ந்தால் படுத்துப் பார்ப்பவரும் அவரே. குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சேரும் வண்டி என்று மக்கள் நம்பினர். ஒன்று பலவாகி, யு. எம். எஸ். என்னும் பெயரில் பெரும் பேருந்து நிறுவனமாக வளர்ந்தது.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கோவைப் பகுதிக்கு மின்னாற்றல் வரத் தொடங்கியது. மின்னாற்றல் வந்தது, அதனால் இயங்கும் மோட்டார்களோ கடல் கடந்து வரவேண்டியிருந்தன. நாயுடு, டி. பாலசுந்தரம் என்பாரோடு சேர்ந்து பீளமேட்டில் முயன்று, 1937இல் இந்தியாவிலேயே முதன்முதலாக மின்மோட்டார் ஒன்றைச் செய்து முடித்தார். பாலசுந்தரம் பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்து ஆலை எந்திரங்கள் செய்தார். காலப்போக்கில் மோட்டாரும் பம்பும் கோவையின் தனித்தொழில்கள் ஆயின. கவலை பூட்டிய எருதுகள் கிணற்று மேட்டிலிருந்து ஓய்வு பெற்றன. மின்கலத்தால் இயங்கும் சவரக்கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என நாயுடு கண்ட புதுமைகள் பல. பருத்தியிலும் பப்பாளியிலும் புதுவகைகளை உண்டாக்கிக் காட்டினார்.

இவற்றினும் மாணவர்கள் கருதத்தக்கது மற்றொன்று. பள்ளியை வெறுத்தோடிய அவர், கையில் பொருள் வந்தபோது அதைத் தொழிற்கல்விக்கே வழங்கினார். அவரது கொடையால் 1940களில் கோவையில் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் என்பாரின் பெயர் அவற்றிற்குச் சூட்டப்பட்டது. 1945இல் நாயுடுவே கல்லூரி முதல்வராகப் பொறுப்பேற்றார்.

அங்கே ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. பொறியியல் படிப்புக்கு நான்காண்டு என்பது விதி. அதனை இரண்டே ஆண்டில் கற்பித்துவிடலாம். எஞ்சிய காலம் இளைஞர்க்கு வீண் என்பது நாயுடுவின் கருத்து. ஆங்கில அரசு உடன்படவில்லை. அவர் பதவியைத் துறந்தார். எவர் பக்கம் நியாயம்? பாலம் கட்டுவோனுக்கும் மின்நிலையம் அமைப்போனுக்கும் வேண்டிய கணக்கும் இயற்பியலும் விரைந்து கற்கக்கூடியவை அல்ல. அரசின் தயக்கம் வெறும் பிடிவாதம் அன்று. ஆனால் நாயுடுவின் கண்முன் நின்றவர்கள் வேறு. தந்தையின் கூலி போதாமல், விரைவில் பொருளீட்டியாக வேண்டிய நிலையிலுள்ள பிள்ளைகள் அவர்கள். மோட்டார் சைக்கிளின் உள்ளே இருப்பதை அறிய மூன்றாண்டு இலை எடுத்தவருக்கு, ஓர் இளைஞனின் ஈராண்டு எத்தனை விலையுயர்ந்தது என்பது தெரிந்திருந்தது. இன்று பத்தாம் வகுப்பு முடித்தோர் ஓராண்டிலோ ஈராண்டிலோ பொருத்துநர், மின்பணியாளர், கம்மியர் ஆகிய தொழில்களைத் தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்க வழி இருக்கிறது. மூன்றாண்டுப் பயிலகப் படிப்பும், அதன்பின் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரும் வாய்ப்பும் இருக்கின்றன. அவர் காலத்தில் இத்தகைய படிக்கட்டு இல்லை.

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் நாயுடு மறைந்தார். கல்லூரி தடாகம் சாலைக்கு இடம் மாறி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரோடு விளங்குகிறது. ஆனால் அவிநாசி சாலையில் அது முன்பு இருந்த இடத்தைப் பேருந்து நடத்துநர்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றே கூவி, மக்களை இறக்கிவிடுகின்றனர். அச்சாலையின்மேல் 2025இல் திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலத்துக்கு ஜி. டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.