நாடக உலகின் தலைமை ஆசிரியர்

இயல், இசை, நாடகம் என்னும் முத்தமிழில் மூன்றாவது தமிழுக்குத் தம் வாழ்நாளையே காணிக்கையாக்கியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். அவர் பிறந்த மண், நம் வாசுதேவநல்லூரும் சேர்ந்திருந்த பழைய திருநெல்வேலிச் சீமை என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தியாகும்.

பள்ளி ஆண்டு விழாவில் நடித்த நம் எல்லோருக்கும் ஓர் அனுபவம் உண்டு. திரை விலகியதும் கை கால் நடுங்கும். மனப்பாடம் செய்த வசனம் மறந்துபோகும். திரைக்குப் பின்னால் நிற்கும் ஆசிரியை மெதுவாக எடுத்துக் கொடுப்பார். திரைப்படத்தில் தவறினால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மேடையில் விட்ட சொல் விட்டதுதான். தொலைக்காட்சியின் தொடக்க நாட்களிலும் இப்படித்தான் இருந்ததாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிலையத்தில் நடிகர்கள் நடிக்க நடிக்கவே நாடகம் வீடுகளுக்கு ஒளிபரப்பாகியது. ஒளிநாடாப் பதிவுக் கருவி 1956இல் வந்த பிறகுதான் அந்த நிலை மாறத் தொடங்கியது. திருத்த முடியாத அந்தக் கலைக்கு நடிகர்களைப் பழக்கி அனுப்புவது எவ்வளவு பெரிய பொறுப்பு! அந்தப் பொறுப்பைத் தமிழ் நாடகத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றவர் சுவாமிகள்.

அவர் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தை தாமோதரத் தேவர், தாய் பேச்சியம்மாள். இயற்பெயர் சங்கரன். தமிழறிந்த தந்தையே முதல் ஆசிரியர். பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் சென்று இலக்கண இலக்கியங்களைக் கற்றார். வெண்பாவும் விருத்தமும் இளமையிலேயே அவருக்குக் கைவந்தன. ஆனால் வயிற்றுப்பாட்டுக்குச் சில காலம் தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கு எழுதும் வேலை பார்த்தார். இருபத்து நான்காம் வயதில் அந்த வேலையை விட்டு நாடகக் குழுவில் சேர்ந்தார். கூத்தாடுபவர்களை ஊர் மதிக்காத காலம் அது. படித்தவர் ஒருவர் அந்தத் தொழிலுக்குப் போக எவ்வளவு துணிவு வேண்டும் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் ஆகிய வேடங்களில் அவர் பெயர் பெற்றார். கம்பீரமான உருவமும் இடி போன்ற குரலும் அவ்வேடங்களுக்குப் பொருந்தின. இங்கேதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிய நிகழ்ச்சிகள் நடந்தன. ஒரு நாள் விடிய விடிய நாடகம் முடிந்து, சனீசுவரன் வேடத்தைக் கலைக்க அவர் நீர்நிலைக்குச் சென்றபோது, எதிரே வந்த கருவுற்ற தாய் ஒருத்தி அந்தக் கோலத்தைக் கண்டு அஞ்சி விழுந்து உயிர் துறந்தாள் என்று கூறுகிறார்கள். சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாக ஆர்ப்பரித்தபோது, கூட்டத்திலிருந்த மற்றொரு தாயின் கரு கலைந்தது என்றும் சொல்வார்கள். தம் திறமையே பிறருக்குத் தீங்காயிற்றே என்று அவர் உள்ளம் கலங்கியது. நடிப்பதை விட்டார். துறவு பூண்டு தலயாத்திரை சென்றார். சங்கரன் சங்கரதாஸ் சுவாமிகள் ஆனார், திருமணமும் செய்துகொள்ளவில்லை.

யாத்திரையிலிருந்து திரும்பியவரைப் புதுக்கோட்டையில் கஞ்சிரா வித்துவான் மான்பூண்டியா பிள்ளை மகன் போல ஏற்றுக்கொண்டார். அவரிடம் சுவாமிகள் தாள நுட்பங்களைக் கற்றார். மீண்டும் நாடக உலகம் அவரை அழைத்தது. இம்முறை அவர் நடிகராகப் போகவில்லை, ஆசிரியராகப் போனார். மேடையில் தாம் நிற்பதை விட, நிற்பவர்களுக்குச் சரியான சொல்லையும் பண்பையும் கொடுப்பதே தம் கடமை என்று கருதினார் போலும்.

அக்காலத்தில் நாடகம் பெரும்பாலும் பாட்டாகவே நடந்தது. இடையிடையே நடிகர்கள் மனம் போனபடி பேசுவார்கள். சில வேளைகளில் பெண்கள் முகம் சுளிக்கும்படியும் பேசுவார்கள். சுவாமிகள் பாட்டையும் உரையாடலையும் முறைப்படுத்தி, எந்தப் பாத்திரம் எங்கே என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்தார். ஏறத்தாழ 68 நாடகங்கள் அவருடையவை என்று கணக்கிடுகிறார்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம், சத்தியவான் சாவித்திரி, லவகுசா ஆகியவை அவற்றுள் புகழ் பெற்றவை. சேக்சுபியரின் ரோமியோ ஜூலியட் கதையையும் தமிழ் மேடைக்குக் கொண்டு வந்தார். தேவமாதாவின் அருளால் வெட்டுண்ட கரங்களைத் திரும்பப் பெற்ற ஞானசௌந்தரியின் கதையையும் நாடகமாக்கினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதல்லவா? நாடு போற்றும் நல்ல கதை எந்தச் சமயத்தாரிடம் இருந்தாலும் அவருக்குச் சொந்தமே. அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்றால் அவருடைய புலமையை என்னவென்று சொல்வது!

எழுதிக் கொடுத்தால் மட்டும் போதுமா? பெரிய நடிகர்கள் கட்டுப்பாட்டுக்கு அடங்கவில்லை. ஆகவே சுவாமிகள் சிறுவர்களைப் பழக்க முடிவு செய்தார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். பின்னாளில் இசையால் நாட்டையே மயக்கிய எஸ்.ஜி. கிட்டப்பா அங்கே பயின்றவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அதே ஆண்டில் அங்கே சேர்ந்தவர்களே டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்களுள் டி.கே. சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு!

நம் வீட்டுத் தம்பி தங்கையர் சிலேட்டுப் பிடிக்கும் வயதில் அந்தப் பிள்ளைகள் ஊர் ஊராகச் சென்று இரவெல்லாம் நடித்தார்கள். தாயின் மடியும் பள்ளிக்கூடமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லையே என்று நினைக்கும்போது நம் மனம் வருந்தத்தான் செய்கிறது. இன்று அப்படிச் செய்வதைச் சட்டமும் ஏற்காது. ஆனால் அந்தச் சிறுவர்களுக்கு நாடகக் கொட்டகையே பள்ளிக்கூடமாகவும், சுவாமிகளே தலைமை ஆசிரியராகவும் இருந்தார். கண்டிப்போடு தமிழையும் ஒழுக்கத்தையும் சேர்த்தே ஊட்டினார். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று அவரை உலகம் அழைப்பது எவ்வளவு பொருத்தம்!

1921இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. கை கால் வழங்கவில்லை. இடி போன்ற குரலும் அடங்கிப் பேச்சு தடைப்பட்டது. ஆயினும் அவர் எழுதிய சொற்கள் அந்தப் பிள்ளைகளின் வாயிலாக இரவுதோறும் மேடையில் ஒலித்துக்கொண்டே இருந்தன. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் இறைவனடி சேர்ந்தார். அங்கே கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடம் உள்ளது.

அவர் விதைத்த விதை வீண்போகவில்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் சொந்தமாக நாடகக் குழு தொடங்கினார்கள். சண்முகம் அவர்கள் ஔவைப் பாட்டியாக நடித்து ஔவை சண்முகம் என்றே பெயர் பெற்றார். தம் ஆசிரியரின் புகழைப் பேசியும் எழுதியும் பரப்பினார்.

இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கிறது. முருகனாக வருபவர் ஓர் ஊர், வள்ளியாக வருபவர் வேறோர் ஊர். கூடி ஒத்திகை பார்க்காமலே அவர்கள் மேடை ஏறுகிறார்கள். எல்லோருக்கும் சுவாமிகளின் பாடம் மனப்பாடம் என்பதால்தான் இது முடிகிறது. நூறு ஆண்டுகள் ஆகியும் திரைக்குப் பின்னால் நின்று அவரே எடுத்துக் கொடுக்கிறார் என்று நமக்குத் தோன்றுகிறது.

தம்மால் பிறருக்கு நேர்ந்த துன்பத்தை எண்ணி, கைதட்டலைத் துறந்து, மறைவில் நின்று பிறரை உயர்த்தியவர் சுவாமிகள். அடுத்த ஆண்டு விழாவில் நாம் மேடை ஏறும்போது, திரைக்குப் பின்னால் நிற்கும் நம் ஆசிரியையையும் ஒரு கணம் நன்றியோடு நினைப்போமாக! சுவாமிகளின் புகழ் வாழ்க!