கூத்தாடின்னு ஏளனம் செய்த ஊரில் நீதிபதியே நடித்தார்... யார் இந்த பம்மல் சம்பந்த முதலியார்?

சென்ட்ரல் ஸ்டேஷன்ல இறங்கி ரிப்பன் மாளிகை பக்கம் நடந்தா, அதுக்குப் பக்கத்துலயே செங்கல் நிறத்துல ஒரு பழைய கட்டடம் தெரியும். அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால். ரிப்பன் மாளிகையை விட வயசுல மூத்தது. மெட்ராஸுக்கு ஒரு டவுன் ஹால் வேணும்னு ஊர்ப் பெரியவர்கள் பணம் திரட்டி, 1880-களில் கட்டியது. வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்த 50-வது ஆண்டையொட்டி அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பெயர்தான் ராணியுடையது. உள்ளே வாழ்ந்தது தமிழ் நாடகம். அதற்குக் காரணமானவர் பம்மல் சம்பந்த முதலியார்.

1873-ல் பிறந்தவர். சின்ன வயசுல தமிழ் நாடகம் என்றாலே அவருக்குப் பிடிக்காது. விடிய விடிய நடக்கும், வசனத்தை விட பாட்டுதான் அதிகம், நடிப்பவர்களுக்கு சமூகத்தில் மரியாதை கிடையாது. படித்த வீட்டுப் பையன் அந்தப் பக்கம் போனால் குடும்பத்துக்கே அவமானம் என்று நினைத்த காலம் அது.

1891-ல் பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு தன் குழுவோடு மெட்ராஸ் வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டார். அவர் ஒரு வக்கீல். வக்கீலே வேஷம் கட்டுகிறாரா? கல்லூரி மாணவரான சம்பந்தத்தை உலுக்கியது இதுதான். அதே ஆண்டு ஜூலையில் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போ வயசு 18!

1893-ல் அவர் எழுதிய 'புஷ்பவல்லி' மேடையேறியது. பிறகு 'மனோகரா'. சில மணி நேரத்தில் முடியும் நாடகம், பேசுவது போன்ற உரைநடை வசனம் என எல்லாமே புதுசு. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் இவர் கையில் 'அமலாதித்யன்' ஆனான், வெனிஸ் வணிகன் 'வாணிபுர வணிகன்' ஆனான். பெண்கள் மேடை ஏறாத காலம் என்பதால், நாயகி வேடத்துக்கும் ஆண்தான். ரங்கவடிவேலு அதில் பெயர் பெற்றவர்.

1902 முதல் 1936 வரை சபைக்கு விக்டோரியா ஹால்தான் வீடு. சர் சி.பி.ராமசாமி ஐயர், ஆர்.கே.சண்முகம் செட்டியார் எல்லாம் சபையில் இருந்தார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி வேஷம் கட்டி நடிக்கவே செய்தார். கூத்தாடி என்ற வசைச்சொல்லை இத்தனை கறுப்பு கோட்டுகள் சேர்ந்து மெல்ல மெல்லத் தேய்த்தன. ஆனா ஒண்ணு, ஊர் ஊராகப் போய் நாடகத்தையே பிழைப்பாகக் கொண்ட கலைஞர்களுக்கு அந்த மரியாதை அவ்வளவு சீக்கிரம் வந்துவிடவில்லை.

சம்பந்தமும் வக்கீல்தான். பின்னர் ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதியாகி 1928-ல் ஓய்வு பெற்றார். பகலில் கோர்ட், மாலையில் ஒத்திகை. பதவிக்கு வந்த பிறகும் அரிதாரம் பூசுவதை விடவில்லை.

1936-ல் 'மனோகரா' சினிமாவானபோது அவரே நடித்தார். 1954-ல் கருணாநிதி வசனத்தில் சிவாஜி நடித்து இடியாக முழங்கிய 'மனோகரா'வும் இவர் கதைதான். 1941-ல் ஏவி.எம். எடுத்த 'சபாபதி'யைப் பார்த்து இன்னிக்கும் சிரிக்கிறோமே, அதுவும் இவருடைய நாடகம்தான்.

1959-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1964-ல், 91 வயதில் காலமானார். எழுதிக் குவித்த நாடகங்களோடு, தன் மேடை அனுபவங்களை 'நாடக மேடை நினைவுகள்' என்ற நூலாகவும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.