ராஜாஜி கை காட்டினால் ஓட்டு விழுமா? 1967-ல் பலித்த கணக்கு 1971-ல் பொய்த்தது எப்படி?

முன்னாள் முதல்வர் ஒருவர், ஒரு காலத்தில் தன் வீட்டு முன்னால் மறியல் செய்த கட்சிக்கே ஓட்டு கேட்டால் எப்படி இருக்கும்? இன்றைக்கு என்றால் பழைய வீடியோக்களைத் தேடி எடுத்து மீம்கள் பறந்திருக்கும். 1967 தேர்தலில் சென்னை மாநிலத்தில் நிஜமாகவே இது நடந்தது. ஓட்டு கேட்டவர் ராஜாஜி, வயது 88. அவர் கேட்டது அண்ணாவின் தி.மு.க-வுக்காக.

யார் இந்த ராஜாஜி?

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி பிறந்தது 1878-ல், ஓசூர் பக்கத்தில் இருக்கும் தொரப்பள்ளியில். சேலத்தில் வக்கீல், பிறகு நகராட்சித் தலைவர். காந்தியோடு சேர்ந்தவர், பின்னாளில் அவருக்குச் சம்பந்தியும் ஆனார். 1930-ல் வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை நடத்தினார். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமர் (அப்போது முதல்வரை அப்படித்தான் அழைத்தார்கள்). 1948-ல் இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல். இப்படி ஒரு பயோடேட்டா வேறு எந்தத் தமிழக அரசியல்வாதிக்கும் இல்லை.

ஆனால் உள்ளூரில் அவருக்கு வேறொரு முகமும் இருந்தது. முதல் முறை ஆட்சிக்கு வந்தபோது பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். அதை எதிர்த்த போராட்டத்தில் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் உயிரிழந்தார்கள். இரண்டாம் முறை, 1952-ல், பெரும்பான்மை இல்லாத காங்கிரஸைக் கரையேற்ற அவரை அழைத்து வந்தார்கள். தேர்தலில் நிற்காமல் மேலவை நியமன உறுப்பினராகி முதல்வரானார். அடுத்த வருடமே புதிய தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. பாதி நாள் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில். எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர்தான் நிலைத்தது: குலக்கல்வி. தி.மு.க-வின் மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை ராஜாஜி வீட்டு முன் மறியல். 1954-ல் பதவி விலகினார். காமராஜர் முதல்வரானார், திட்டமும் கைவிடப்பட்டது.

அப்புறம் எப்படி ஒரே மேடை?

பதவி போனபோது அவருக்கு 75 வயது. பெரும்பாலானோர் அதோடு ஒதுங்கியிருப்பார்கள். இவர் 1959-ல் 80 வயதில் புதுக்கட்சி ஆரம்பித்தார். நேருவின் சோஷலிசப் பாதை, கூட்டுப் பண்ணை யோசனை, எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், பர்மிட், கோட்டா. இவற்றை எதிர்க்க வந்ததுதான் சுதந்திரா கட்சி.

1962 தேர்தலில் தி.மு.க-வும் சுதந்திராவும் முழுமையான கூட்டணி இல்லாமல் நின்றன. காங்கிரஸ் வாங்கியது சுமார் 46% ஓட்டு. ஆனால் கிடைத்த இடங்கள் 206-ல் 139. தி.மு.க-வுக்கு 27% ஓட்டு, 50 இடம். சுதந்திராவின் கதைதான் பரிதாபம்: கிட்டத்தட்ட 8% ஓட்டு வாங்கியும் 6 இடம்தான். எதிர் ஓட்டு சிதறினால் காங்கிரஸ் ஜெயிக்கும் என்பது ராஜாஜிக்கு எழுத்தில் வந்த பாடம்.

இடையில் இரண்டு தரப்பும் நகர்ந்திருந்தன. 1963-ல் தி.மு.க தனிநாடு கோரிக்கையைக் கைவிட்டது. இந்தியைக் கொண்டு வந்த ராஜாஜியோ, 1965 மொழிப் போராட்டக் காலத்தில் இந்தித் திணிப்பை எதிர்ப்பவராக மாறியிருந்தார். அண்ணா பக்கமும் சிந்தித்துத்தான் ஆக வேண்டிய கட்டாயம்: தனியாகப் போனால் இன்னொரு 1962.

1967 கூட்டணியில் முஸ்லிம் லீக் இருந்தது, மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்தது. 1952-ல் கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என அறிவித்தவர் ராஜாஜி என்பது தெரிந்தவர்கள் அன்றைக்குச் சிரித்திருப்பார்கள். எதிர் முகாமில் அதைவிட வேடிக்கை. பெரியார் ஓட்டு கேட்டது காங்கிரஸுக்கு!

அவர் ஆதரவு எங்கே வேலை செய்தது?

ராஜாஜிக்கு ஊர் ஊராகத் தொண்டர் படை கிடையாது. தி.மு.க என்றாலே தயங்கிய சில தரப்புகளிடம்தான் அவர் பேச்சு எடுபட்டது. பிராமணர்கள், நகரத்து நடுத்தர வர்க்கம், வியாபாரிகள், நிலம் வைத்திருந்தவர்கள். கோயிலும் சாமியும் வேண்டாம் என்ற இயக்கத்தில் இருந்து வந்த கட்சிக்கு இவர்கள் தாங்களாக ஓட்டு போட்டிருக்க மாட்டார்கள். ராமாயணம் எழுதிய ராஜாஜியே சொல்கிறார் என்றபோது அந்தப் பயம் கொஞ்சம் குறைந்தது. ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உதயசூரியனுக்கு ஓட்டு போடுங்கள் என்று பிராமணர்களிடம் அவர் சொன்னதாக இன்றுவரை பேசப்படுகிறது.

அதற்காக வெற்றிக்கு அவர்தான் காரணம் என்று சொன்னால் அது ஓவர். அரிசித் தட்டுப்பாடு இருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி இருந்தது. மொழிப் போராட்டத்தில் அடிபட்ட மாணவர்களின் கோபம் இருந்தது. ஜனவரியில் சுடப்பட்ட எம்.ஜி.ஆர் மீதான அனுதாபமும் சேர்ந்துகொண்டது.

ஆனால் ரிசல்ட்டைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். காங்கிரஸுக்கு 41% ஓட்டு. தி.மு.க-வுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு, 40.7% அளவில். இடங்களோ 51-க்கு எதிராக 137! ஓட்டு சிதறாமல் இருந்தாலே எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சுதந்திரா 27 தொகுதிகளில் மட்டும் நின்று 20-ஐப் பிடித்தது. முதல்வர் பக்தவத்சலம் தோற்றார். விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். தன்னை 1954-ல் நாற்காலியில் இருந்து இறக்கிய கட்சிக்கு 13 வருடம் கழித்து ராஜாஜி கொடுத்த பதில் என்றும் இதைப் படிக்கலாம்.

தி.மு.க-வுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்துவிட்டதால் ஆட்சி நடத்த சுதந்திராவின் தயவு தேவைப்படவில்லை. உறவு மெல்லக் கசந்தது. 1969-ல் அண்ணா மறைந்தார்.

1971: ரெண்டு பெரியவர்கள், ஒரே கூட்டணி

இந்த முறை கணக்கு தலைகீழ். காங்கிரஸ் உடைந்து, காமராஜர் பழைய காங்கிரஸ் பக்கம் நின்றார். இந்திரா காந்தி தி.மு.க-வோடு சேர்ந்தார். ராஜாஜியோ, வாழ்நாள் எதிரியாகப் பார்க்கப்பட்ட காமராஜரோடு கைகோத்தார். பெரியார் இப்போது தி.மு.க பக்கம். சேலத்தில் திராவிடர் கழக ஊர்வலத்தில் ராமர் படம் அவமதிக்கப்பட்டதாக எழுந்த சர்ச்சையும் தேர்தல் நேரத்தில் பெரிதாக ஓடியது. காகிதத்தில் பார்த்தால் செம கூட்டணி.

விழுந்த அடி அதைவிடப் பெரிது. தி.மு.க 184 இடம், பழைய காங்கிரஸ் 15, சுதந்திரா 6.

ஏன் எடுபடவில்லை? 1967-ல் காங்கிரஸ் மீது கோபத்தில் இருந்தவர்களுக்கு ராஜாஜி ஒரு சாக்கு கொடுத்தார். 1971-ல் தி.மு.க மீது அந்த அளவுக்குக் கோபமே இல்லை. வங்கிகளைத் தேசியமயமாக்கிய இந்திரா உச்சத்தில் இருந்தார். தவிர, 20 வருடம் ஒருவரை ஒருவர் எதிர்த்தே வளர்ந்த காமராஜர் ஆட்களும் ராஜாஜி ஆட்களும் தலைவர்கள் கை குலுக்கிய மறுநாளே மனதார ஒருவருக்கொருவர் வேலை செய்துவிடுவார்களா என்ன?

அதே வருடம் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தது. 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தவர் ராஜாஜி. கொட்டும் மழையில் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். ஆகஸ்ட் 30 முதல் கடைகள் திறந்தன.

1972 டிசம்பர் 25-ல், 94 வயதில் ராஜாஜி காலமானார். இரண்டே வருடத்தில் சுதந்திரா கட்சியும் சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது.